பத்தாண்டுக் கணக்கும் துருவின் கணக்கும்

சிங்கப்பூரில் ஒரு காருக்கு விதித்த ஆயுள் பத்தாண்டு. 1990 மே 1 அன்று வாகன ஒதுக்கீட்டு முறை நடப்புக்கு வந்த நாளிலிருந்து, ஒரு கார் எத்தனை ஆண்டு ஓடலாம் என்பதை அதன் உடல்நிலை சொல்வதில்லை. வாகன உரிமைச் சான்றிதழ் சொல்கிறது. சான்றிதழ் முடிந்தால் அப்போதைய சந்தை விலையைக் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ நீட்டிக்கலாம். கட்ட மனமில்லாதவர்கள் காரை உடைப்பதற்கோ ஏற்றுமதிக்கோ கொடுத்துவிடுகிறார்கள். வங்கக் கடலுக்கு மறுகரையில், யாழ்ப்பாணத்தில், 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஆஸ்டின், மோரிஸ் கார்கள் முப்பதாண்டுப் போரைத் தாண்டியும் வாடகைக்கு ஓடின. இரண்டு ஊர்களிலும் உப்புக்காற்று உண்டு, ஆண்டு முழுக்க வெயிலும் உண்டு. ஒரு காலத்தில் இரண்டு ஊர்களின் சாலைகளிலும் ஓடியவை ஒரே நாட்டு ஆலைகளில் செய்த கார்கள்தாம். ஆக, பத்தாண்டு என்பது நிலமும் நெரிசலும் விதித்த எல்லை, இரும்பு விதித்ததன்று. ஒரு கார் உண்மையில் எதனால் கிழடாகிறது, அந்தக் கிழட்டுத்தன்மையைச் சாதாரண மனிதர் ஒருவர் தம் வீட்டளவில் எவ்வளவு தூரம் திருப்ப முடியும் என்று பார்த்தால், நாம் எதைப் பாதுகாக்கத் தவறுகிறோம் என்பது தெளிவாகும்.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரம் இதைப் பேசப் பொருத்தமான இடம். 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் எழும்பியது இங்கிருந்த பந்தயத் திடலிலிருந்துதான். திடலைவிட முக்கியம், அதைச் சுற்றி வளர்ந்த தெருக்கள். கிச்சனர் சாலையைக் கடந்து ஜாலான் புசார் பக்கம் போனால் இரும்புச் சாமான் கடைகளும் வாகன உதிரிப்பாகக் கடைகளும் நெடுங்காலமாகத் தொழில் நடத்திவந்த பகுதி வரும். பேரிங், கேஸ்கெட், போல்ட், ரப்பர் குழாய் எல்லாம் நடை தூரத்தில் கிடைத்தன. இன்னும் சற்றுத் தள்ளி சுங்கை ரோட்டில் பழம்பொருள் சந்தை இருந்தது. யாரோ கழற்றிப் போட்ட ஸ்பேனரும் மீட்டரும் தரையில் விரித்த துணிமேல் கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. உதிரிப்பாகத் தொழிலும் தீவின் மற்ற தொழிற்பேட்டைகளுக்குப் பெருமளவு நகர்ந்துவிட்டது. பழுதுபார்க்கும் அறிவு எந்தப் புத்தகத்தைவிடவும் இப்படிப்பட்ட தெருக்களில்தான் கைமாறும் என்பதால், இதை வெறும் கடை இடமாற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 35 வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம், கட்டணமும் குறைவு. நல்ல ஏற்பாடு. சிக்கல் அந்த 35 வயதை எட்டுவதில் இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை இருக்கும் 25 ஆண்டு இடைவெளியை ஒரு கார் கடக்க வேண்டுமானால், மற்ற எல்லாக் கார்களையும் போல முழு விலைக்குச் சான்றிதழைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாக வேண்டும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளியைத் தாண்டியது. விலை உயர்ந்த விளையாட்டுக் காருக்காக ஒருவர் அதைக் கட்டக்கூடும். 1980களின் ஒரு நிசான் சன்னிக்காகவோ டொயோட்டா ஸ்டார்லெட்டுக்காகவோ யார் கட்டுவார்? எனவே அருங்காட்சியகத்துக்குத் தகுந்த கார்கள் தப்பிக்கின்றன. ஆசிரியரும் எழுத்தரும் கடைக்காரரும் ஓட்டிய மலிவான சின்னக் கார்கள் உருக்கு உலைக்குப் போகின்றன. கற்றுக்கொள்வதற்கு எது சிறந்ததோ, அதுதான் முதலில் மறைகிறது.

ஏன் அதுவே சிறந்தது என்பதற்குப் பொறியியலில் விடை இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. 1956இல் அதற்குப் பொருத்திய 948 சிசி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடிச் சிலிண்டர் சுவர் தேயும். விட்டம் மயிரிழை மயிரிழையாக அகலும். எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை வரும். பலர் எஞ்சின் செத்துவிட்டது என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். லேத் பட்டறையில் சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), அளவில் சற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டால் எஞ்சின் மறுபடி புதியதுதான். அப்படிப் போடுவதற்கென்றே 0.010 அங்குலம் முதல் 0.040 அங்குலம் வரை பெரிதாக்கிய பிஸ்டன்களை ஆலையே விற்றது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து மெலிதாக்கி அதற்கேற்ற பேரிங் போடவும் அதுபோலவே படிநிலைகள் உண்டு. தேயும் என்று தெரிந்து, தேய்ந்தால் இன்னும் மூன்று நான்கு ஆயுள் தரலாம் என்று கணக்குப் போட்டுச் செய்த இயந்திரம் அது. பெட்ரோலில் ஈயம் நின்றபோது (சிங்கப்பூரில் 1998) வால்வு அமரும் இடம் தேயத் தொடங்கியது. ஈயச் சேர்மம் அங்கே ஒரு மெல்லிய காப்புப் படலமாக இருந்துவந்ததே காரணம். அதற்கும் கெட்டியான எஃகு வளையத்தைப் பதித்துத் தீர்வு கண்டார்கள். எஞ்சின் கிழடாவது உண்மை, ஆனால் அது திருப்பக்கூடிய முதுமை.

திருப்பக் கடினமான முதுமை துரு. அதுவும் சிங்கப்பூர்க் காற்றில். இரும்பு துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின் மேல் படிந்துவிடும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தப் படலத்துக்குள் ஒரு சின்ன மின்கலம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. இன்னோரிடத்தில் காற்றின் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இதில் வியப்பான ஒன்றை 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் விளக்கிக்காட்டினார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் எட்டாத இடமே அரிக்கப்படுகிறது. சேற்றுக்கு அடியில், பெயிண்டின் கீறலுக்கு உள்ளே, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வெல்டு செய்யப்பட்ட மடிப்புக்குள் இரும்பு கரைந்துகொண்டே இருக்கும். பழைய காரின் வெளிப்புறம் பளபளக்க, கதவுக்குக் கீழே ஓடும் நீளப்பெட்டி போன்ற சட்டம் உள்ளுக்குள் பொடியாகிக் கிடப்பது இதனால்தான்.

துருவின் இன்னொரு குணம் அது இடத்தை அடைத்துக்கொள்வது. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு கொள்ளளவு அதற்குத் தேவை. மடிப்புக்குள் பிறந்த துரு உப்பி இரண்டு தகடுகளையும் நெட்டித் தள்ளும். வெல்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாய்த் தெறிக்கும். திறந்த வாயில் இன்னும் ஈரம் புகும். அந்தக் காலத் தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இன்றைய கார்களில் துத்தநாகம் பூசிய தகடும், முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் ஒட்டவைக்கும் அடிப்பூச்சும் இருக்கின்றன. அன்றைய காரில் மடிப்புக்குள் போகும் பூச்சு குறைவு. அதனால் ஒரு பழைய சின்னக் காரை வாங்க நினைப்பவர் எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்பதற்கு முன் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சட்டங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு; மந்தமாக ஒலித்தால் பட்டிக்கும் பெயிண்டுக்கும் அடியில் துருதான் மிச்சம். ஓடாத எஞ்சினும் திடமான உடலும் கொண்ட காரை வாங்கலாம். இனிமையாக ஓடும் எஞ்சினும் அரித்துப்போன உடலும் கொண்ட காரை வாங்கக் கூடாது.

துரு பிடித்ததெல்லாம் தொலைந்ததல்ல என்பதை வீட்டுப் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியே காட்டும். வாளியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை, ஒரு பிரேக் மிதியையோ பேட்டரித் தட்டையோ, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைக்க வேண்டும். நேர்முனை, பாகத்தைத் தொடாமல் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்கு. சுவிட்சைப் போட்டதும் பாகத்தின் மேலெங்கும் பொடிக் குமிழிகள் அரும்பும், அவை ஹைட்ரஜன். இயற்கையில் எலக்ட்ரானை இழந்து கரைந்த இரும்புக்கு இங்கே எலக்ட்ரானைத் திணிக்கிறோம். செந்நிறத் துரு கறுப்பாக மாறி, பிடி தளர்ந்து, தூரிகைக்கு உதிர்ந்துவிடும். நல்ல உலோகம் கொஞ்சமும் கரையாது என்பது இதன் தனிச்சிறப்பு. அமிலத்தில் ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து கரையும். சில கட்டுப்பாடுகள் மட்டும் மீறக்கூடாதவை. நேர்முனையில் எவர்சில்வரைத் தொங்கவிட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் நீரில் இறங்கும். அலுமினியப் பாகங்களைக் காரநீரே அரித்துவிடும். சுருள்வில் போன்ற கெட்டி எஃகுக்குள் ஹைட்ரஜன் ஊடுருவினால் அது நொறுங்குதன்மை பெறும். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சுத்தமான பாகத்தில் உடனே பாஸ்பாரிக் அமிலக் கலவையைப் பூசினால் இரும்புப் பாஸ்பேட் படலம் உருவாகி அடுத்த துருவைத் தடுக்கும். தில்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டு நிற்பதற்கும் பாஸ்பரஸ் மிகுந்த அதன் இரும்பில் உருவான பாஸ்பேட் காப்புப் படலமே காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். பழைய கொல்லருக்குத் தற்செயலாய் வாய்த்தது, இன்று கடையில் புட்டியாகக் கிடைக்கிறது.

மின்பொறி அமைப்பு இன்னும் எளிது. ஒரு தட்டில் அடங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போகிறது. வழியில் ஒரு சின்ன வாசல். அதைத்தான் மெக்கானிக்குகள் பாயிண்ட் என்கிறார்கள். வாசல் திறந்த கணத்தில் மின்னோட்டம் அறுந்து காயிலின் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு உள்ளே இருக்கும் மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்பி பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு நூறு முறை நடக்கிறது. வாசலின் இடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் அளவு. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் பழுதானால் பாயிண்டிலேயே பொறி பறந்து, ஒரு முகத்திலிருந்து உலோகம் பெயர்ந்து எதிர்முகத்தில் மேடாகச் சேர்ந்துவிடும். குழியும் மேடும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதாவது, பழுது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. கார்புரேட்டரும் அப்படித்தான்: எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கேற்ப ஒரு பிஸ்டன் உயர்கிறது, அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் உயர்ந்து அதே விகிதத்தில் பெட்ரோலை விடுகிறது. காரணமும் விளைவும் கண்முன்னே. ஒரு மாணவருக்குப் பெர்னூலி விதியையும் மின்காந்தத் தூண்டலையும் இதைவிட நேராகக் காட்ட எந்தப் பள்ளிக் கருவியும் இல்லை என்பேன்.

இந்த வெளிப்படைத்தன்மைக்கு வரலாறு வைத்த கடுமையான தேர்வு யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பெட்ரோல், பேட்டரி, உதிரிப்பாகம் எல்லாம் தடுக்கப்பட்டன. ஊர் மெக்கானிக்குகள் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது எப்படி முடிந்தது? பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் பெரும்பாலும் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நிற்கும், எரியாது. எனவே கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இரண்டாவது தடை ஆக்டேன். மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. பிளக் பொறியின் தீ பரவி எட்டுமுன்பே தானே வெடித்து எஞ்சினை இடிக்கும். இன்றைய எஞ்சின்கள் கலவையைப் பத்து மடங்குக்கும் மேல் அமுக்குகின்றன. 1950களின் எஞ்சின்கள் ஏழெட்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டன. அந்தச் சோம்பலான எஞ்சின்தான் தாழ்ந்த எரிபொருளை மன்னித்தது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச்செய்தது, கரி படிந்தது, தெருவெல்லாம் புகை நாறியது. இருந்தும் நோயாளிகள் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள். இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்த கைகள் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

பாகம் கிடைக்காவிட்டால் அறிவு மட்டும் என்ன செய்யும் என்ற கேள்விக்கும் இலங்கையிலேயே விடை உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், ஒரு காரைத் தலைமுறைக்கு நீடிக்கும் உடைமையாகக் கருத வேண்டும் என்று 1982இலேயே நூல் எழுதியவர். 1990களில் இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து, மோரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களையும் மற்ற உதிரிகளையும் இலங்கையில் செய்து பிரிட்டனுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். அச்சு எளிது, தகடு எளிது, வளைவுகள் கையால் தட்டி எடுக்கக்கூடியவை என்பதால் ஆலை உற்பத்தியை நிறுத்திய பிறகும் கார் வாழ்ந்தது. கணினிச் சில்லு ஒன்று கிடைக்காததால் நின்றுபோகும் காருக்கு இந்த வழி இல்லை.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவதும் வலுவானதும் புகை. கார்புரேட்டர் கார் காற்றைக் கெடுக்கிறதா என்றால், ஆம், மோசமாகவே கெடுக்கிறது. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் 1975 முதல் 1986 வரை பதிவான கார்களுக்கு எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு வரை அனுமதி. வினையூக்கி மாற்றி உள்ள பிற்காலக் கார்களுக்கு 0.3 விழுக்காடுதான். பதினைந்து மடங்கு வேறுபாடு. டியூனிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்தப் பள்ளத்தை மூட முடியாது, மூட முடியும் என்று சொல்லும் ஆர்வலர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இதனால்தான் பழைய காரை அன்றாட வாகனமாக வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. மொத்த நஞ்சு என்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதையும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பெருக்கி வருவது. ஆண்டுக்கு 45 நாள் என்ற சிங்கப்பூரின் வரம்பு இரண்டாவது எண்ணைச் சுருக்கிவிடுகிறது. அந்த வரம்பு அறிவியலுக்கு ஒத்துப்போகும் வரம்பு.

அடுத்தது கார்பன் கணக்கு. இங்கே பழைய கார் ஆர்வலர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்தை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. புதிய கார் ஒன்றைச் செய்யும்போதே பல டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, பழையதைச் சீராக்கினால் அது மிச்சம் என்பார்கள். புதியதுக்குப் பதிலாகப் பழையது ஓடினால் அந்தக் கணக்கு சரி. சிங்கப்பூரில் கார்களின் எண்ணிக்கையையே ஒதுக்கீடு கட்டிப்போட்டிருக்கிறது; ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மோரிஸைத் துடைத்துக்கொண்டிருப்பதால் ஆலையில் ஒரு புதிய கார் குறையப்போவதில்லை. அன்றாடம் அவர் ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறுபவராகவே இருப்பார். எனவே மிச்சம் என்று பேசாமல் செலவு எவ்வளவு என்று பார்ப்பதே நேர்மை. 45 நாள், நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 900 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும் கார் ஏறத்தாழ 68 லிட்டர் எரிக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 155 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பூஜ்யமில்லை, ஆனால் ஒரு முழு ஆண்டுக் கற்றலுக்கு அது தாங்கக்கூடிய விலை.

பாதுகாப்பு மூன்றாவது மறுப்பு, சாலையிலும் பட்டறையிலும். 1950களின் காருக்கு மோதலை உள்வாங்கி நசுங்கும் முன்பகுதி கிடையாது, பெரும்பாலும் இருக்கை வாரும் கிடையாது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் பெருகும் என்பதால் தீவு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டரில் போவதற்கும் தெருவில் 40இல் போவதற்கும் அந்த ஆற்றல் நான்கு மடங்கு வேறுபடும். வார் பொருத்த வேண்டும், விரைவுச்சாலையைத் தவிர்க்க வேண்டும், அரித்துப்போன சட்டத்தைப் பட்டி பூசி மறைக்காமல் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். அந்த வெல்டிங் மட்டும் தேர்ந்த கையிடம் போக வேண்டிய வேலை. பட்டறை ஆபத்துகள் இன்னும் சத்தமில்லாதவை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், காயவைத்துத் தேய்க்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது.

கடைசி மறுப்பு இடம். ஓவன் சாலையிலோ ரங்கூன் சாலையிலோ அடுக்குமாடியில் இருப்பவருக்குப் பின்கட்டு ஏது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தில் காரைப் பிரித்துப் போட அனுமதி கிடையாது. எண்ணெய் வடிகாலில் போகும், தீ அபாயம் உண்டு, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. தடை நியாயமானது. ஆகவே இது நிலமுள்ள வசதிக்காரரின் பொழுதுபோக்கு என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கார் முழுவதையும் ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, கார்புரேட்டர், தண்ணீர் பம்ப் என எதுவும் உணவுமேசையைவிடப் பெரியதில்லை. பெட்ரோலை முழுவதும் வடித்து உலர்த்திய பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு செய்தித்தாள்மேல் பிரிக்கலாம். பெரிய வேலைக்கு மட்டும்தான் கூரையும் தரையும் வேண்டும்.

அந்தக் கூரையைப் பொதுவில் அமைக்க முடியும் என்பதே என் முடிவான கருத்து. சமூக மன்றங்களையொட்டி மின்விசிறியும் ரைஸ் குக்கரும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற முயற்சிகள் சிங்கப்பூரில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கின்றன. அதே எண்ணத்தை ஒரு படி நீட்டி, பத்து வயது முடிந்து உடைக்கப்போகும் சாதாரணச் சின்னக் கார்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டைச் சாலைப் பதிவு நீக்கிப் பேட்டைப் பட்டறைக்குக் கொடுக்கலாம். அவை சாலையில் ஓடா. நிலப்பரப்பில் 12 விழுக்காட்டைச் சாலைக்கே கொடுத்துவிட்ட தீவில் நெரிசலைக் கூட்டா. ஒதுக்கீட்டு முறையின் நோக்கத்துக்கு எதிராகவும் நில்லா. 2040க்குள் பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் இருப்பதால், எஞ்சினைக் கற்றுத்தருவது வீண் என்று தோன்றலாம். தேய்மானம், துரு, மின்தூண்டல், உராய்வு, வெப்பம் ஆகியவை மின்சாரக் காரிலும் அப்படியே இருக்கும். சங்கிலி பூட்டிய கணினிப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும், அவ்வளவே. தேவைப்படுவது அதிகமில்லை: காற்றோட்டமுள்ள ஓர் அறை, எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் தொட்டியோடு கூடிய சிமெண்டுத் தரை, தீயணைப்பான், நான்கு ஸ்டாண்டு, ஒரு வைஸ், ஒரு வெல்டிங் இயந்திரம், சனிக்கிழமைகளில் வந்து நிற்க ஜாலான் புசார்க் கடைகளில் ஓய்வுபெற்ற ஒருவர். அந்த ஒருவர் கிடைக்கும் காலம்தான் வேகமாகக் குறைந்துவருகிறது. 1970களில் பாயிண்ட் சரிசெய்யக் கற்றவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிவிட்டது.